ராஸே தீவின் ரீல்: ஒரே மெட்டை ஃபிடிலிலும் பைப்பிலும் ஏற்றிப் பார்த்த பதிவு

'மிஸஸ் மக்லவுட் ஆஃப் ராஸே' என்ற ரீலை, அதாவது ஒரு வேகமான ஆட்ட மெட்டை, தொடாமல் ஸ்காட்லாந்தில் யாரும் ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு வழங்கும் பெயர்) கற்று முடிப்பதில்லை. பேக்பைப் (சுருக்கமாகப் பைப், பையில் காற்றடைத்து வாசிக்கும் குழல் கருவி) கற்பவர்களுக்கும் அப்படித்தான். இரு தரப்பாரும் அதைத் தங்கள் மெட்டு என்றே சொல்வார்கள். அயர்லாந்தில் கேட்டால் 'மிஸ் மக்லவுட்ஸ் ரீல்' என்று சொல்லி, சொந்த ஊர்ச் சரக்காகவே வாசித்துக் காட்டுவார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் அதே மெட்டு 'ஹாப் ஹை லேடீஸ்' என்ற பெயரில் பாஞ்சோ என்ற தந்திக்கருவியோடு ஓடுகிறது.

சிறு வயதிலிருந்து கர்நாடக வயலின் வாசித்து வருகிறேன். கிளாஸ்கோவுக்குக் குடிவந்த பிறகு இந்த ஒரு மெட்டு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதை அச்சிலிருந்து எடுத்து ஃபிடிலில் ஏற்றி, பிறகு பைப் விரல்முறையிலும் ஏற்றி, எந்தக் கருவி அதற்கு என்ன செய்திருக்கிறது என்று பார்த்த வேலையின் குறிப்பு இது. ஆண்டுகளும் பெயர்களும் நூலகத்தில் கிடைக்கும். ஆனால் ஒரு நாட்டுப்புற மெட்டின் வரலாற்றில் பெரும் பகுதி விரலில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு கருவியால் எதைச் செய்ய முடியாதோ, அதன் தடம் மெட்டில் அப்படியே தங்கிவிடுகிறது.

அச்சுப் பிரதி

முதல் வேலை, பழைய அச்சைப் பார்ப்பது. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகம், கிளென் தொகுப்பு, இங்லிஸ் தொகுப்பு என்ற பெயர்களில் பழைய இசைநூல்களைப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டு நடன மெட்டுகளைத் தேடும் எவருக்கும் அது ஒரு புதையல்.

இந்த ரீல் 1809இல் வெளிவந்த நீல் கவ்வின் ஐந்தாம் தொகுப்பில் இருக்கிறது. நீல் கவ் பெர்த்ஷயரில் டன்கெல்டுக்குப் பக்கத்தில் இன்வர் என்ற சிற்றூர்க்காரர், 1727இல் பிறந்தவர். ஸ்காட்லாந்து ஃபிடில் என்றதும் முதலில் வாயில் வரும் பெயர் அவருடையதுதான். 1807இலேயே அவர் இறந்துவிட்டார். தொகுப்பைக் கொண்டுவந்தது எடின்பரோவில் இசைநூல் வணிகம் செய்துவந்த மகன் நத்தானியல் கவ்வும் குடும்பமும். மெட்டின் மேல் ஒரு வரி உண்டு: ஸ்கை தீவின் அசல் ரீல், திரு. மக்லவுட் அனுப்பித் தந்தது என்று அதற்குப் பொருள்.

அந்த ஒற்றை வரியில் நெடுநேரம் நின்றேன். கவ் குடும்பத்தார் பிறர் மெட்டுகளைப் பெயர் சொல்லாமல் அச்சிட்டதுண்டு. வில்லியம் மார்ஷல் போன்ற பெரிய இயற்றுநர்களின் மெட்டுகளுக்கே அது நேர்ந்தது. அப்படிப்பட்ட வீட்டில், இது எங்கள் மெட்டில்லை, ஸ்கை பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு மதிப்பு அதிகம். 1809 என்பது அச்சின் வயது. மெட்டு அதற்கு முன்பே தீவுகளில் புழங்கிக்கொண்டிருந்தது.

அச்சில் ஒரு குறை உண்டு. தொகுப்பு யாருக்காக என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது: பியானோ, ஹார்ப், வயலின், செல்லோ. வீட்டில் பியானோ வைத்திருந்த வசதியான குடும்பங்கள் வாங்கிய புத்தகம் இது. சுரங்கள் இருக்கின்றன, கீழே ஒரு பேஸ் வரி இருக்கிறது. வில் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தச் சுரத்தை வெட்ட வேண்டும் என்பதெல்லாம் வாசிப்பவர் கையில் ஏற்கெனவே இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

ராஸே வீட்டுக் கூடம்

ராஸே என்பது ஸ்கைக்கும் ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கும் இடையில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் சிறிய தீவு. இன்று ஸ்கையில் ஸ்கான்சர் துறையிலிருந்து படகேறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல தலைமுறைகளாக அது மக்லவுட் குலத்தின் ஒரு கிளைக்குச் சொந்தமாக இருந்தது. 1745 எழுச்சியில், ஆட்சியிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மறுபடி அரியணையேற்றப் போராடிய ஜாக்கோபைட்டுகள் பக்கம் நின்றதற்காக, 1746இல் அவர்கள் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு அரசுப் படை வந்து தலைவரின் வீட்டோடு தீவின் குடிசைகளையும் கொளுத்தியது.

27 ஆண்டுகள் கழித்து, 1773 செப்டம்பரில், ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் அவர் நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் அங்கே விருந்தாளிகளாகப் போனார்கள். அதற்குள் புது வீடு எழும்பியிருந்தது. இருவரும் எழுதி வைத்த பயணக் குறிப்புகளைப் படித்தால் இந்த ரீல் எப்படிப்பட்ட தரையில் பிறந்தது என்பது கண்முன் வருகிறது. கூடத்து விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைக்கிறார்கள். ஃபிடில்காரர் வருகிறார். தலைவர் மக்லவுட்டே இறங்கி ஆடுகிறார். அவருக்கு மூன்று மகன்கள், பத்து மகள்கள். ஆட்டம் நின்றதும் அதே கூடத்தில் இரண்டு மேசைகளில் 36 பேர் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஜான்சன் எழுதுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் கேலிக் மொழியில் பாடினார்கள். பாஸ்வெல்லுக்கு அதுவும் போதவில்லை. தீவின் உச்சியான டன் கான் மலை மேலேறி அங்கேயும் ஒரு ரீல் ஆடிவிட்டு வந்தார்.

அந்தப் பத்துப் பெண்களில் மூத்தவள் ஃப்ளோரா, பின்னாளில் லவுடன் பிரபுவான ஜேம்ஸ் மியூர் கேம்பலை 1777இல் மணந்தார். அவருடைய ஒரே மகள் பிறகு ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் மனைவியானார். 1813 முதல் 1823 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அந்த ஹேஸ்டிங்ஸ்தான். ராஸே கூடத்து ஆட்டக்காரியின் மகள் கல்கத்தா அரசு மாளிகையில் வாழ்ந்திருக்கிறார். இந்த மெட்டைத் துருவும்போது நான் சற்றும் எதிர்பாராமல் வந்து மோதிய செய்தி அது.

ரீல் என்பது முதலில் ஆட்டம், பிறகுதான் மெட்டு. மூன்று பேரோ நான்கு பேரோ ஒருவரையொருவர் வளைந்து வளைந்து சுற்றி, பிறகு நின்ற இடத்தில் கால் வேலை காட்டுவார்கள். ஃபிடில் இருந்தால் ஃபிடில், பைப் இருந்தால் பைப், இரண்டும் இல்லாத வீட்டில் வாய்ப்பாட்டு. மெட்டு கருவி மாறிக்கொண்டே இருந்தது இப்படித்தான்.

கம்பி

இப்போது என் மேசைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்து ஃபிடில் என்பது சாதாரண வயலின்தான். வழக்கமான சுருதி, மேற்கத்திய சுரப் பெயர்களில், ஜி, டி, ஏ, ஈ. ஆனால் ஹைலண்ட் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய ஃபிடில்காரர்கள் சில மெட்டுகளுக்குக் கீழ்க்கம்பிகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றி, ஏ, ஈ, ஏ, ஈ என்று வைப்பார்கள். ஸ்காட்லாந்திலிருந்து கேலிக் பேசும் மக்கள் போய்க் குடியேறிய கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் இதற்கு 'ஹை பேஸ்' என்று பெயர்.

கர்நாடக வயலின் கற்ற யாருக்கும் இது உடனே பிடிபடும். கீழிருந்து ச, ப, ச, ப என்று நாம் சேர்க்கிறோமே, அதே இடைவெளிகள்தான்: முதலில் பஞ்சமம், நடுவில் மத்திமம், மேலே மறுபடி பஞ்சமம். ஏ என்பதைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் என் கைக்குப் புதிதாக எதுவுமே இல்லை. மந்திர ஸ்தாயியிலும் மத்திய ஸ்தாயியிலும் ஒரே விரல் இடங்கள். முதல் சுற்றைக் கீழ்க்கம்பிகளிலும் அடுத்த சுற்றை மேல்கம்பிகளிலும் விரல் மாற்றாமல் வாசிக்கலாம். அதைவிடப் பெரிய லாபம் முழக்கம். மேல் ஏ கம்பியில் வில் ஓடும்போது கீழ் ஏ தானாக அதிர்ந்து கூடவே பேசுகிறது. பைப்பின் டிரோன் ஒலியை (இடைவிடாமல் ஒலிக்கும் ஆதார சுருதியை) மரத்துக்குள் வரவழைக்கும் வழி இது.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜியை ஏ-க்கும் டியை ஈ-க்கும் ஏற்றும்போது ஒரேயடியாக முறுக்க வேண்டாம். கொஞ்சம் ஏற்றி, ஆறவிட்டு, மறுபடி ஏற்றினால் கம்பியும் தாங்கும், சுருதியும் நிற்கும். கம்பி இழுபடும்போது குதிரையின் (கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டின்) தலை விரல்பலகைப் பக்கம் சாயும். பக்கவாட்டில் இருந்து பார்த்து, கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்த வேண்டும். அப்படியே விட்டால் குதிரை வளையும், ஒரு நாள் சாய்ந்தே விழும். பிரடை வழுக்கினால் கழற்றி, துளையில் உரசும் இடத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் போட்டால் பிடிக்கும். கீழ்க்கம்பிகள் கூடுதல் இழுப்பில் இருப்பதால் வில்லின் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் ஒலி நசுங்கும்.

மெட்டு, சுரத்தில்

ஃபிடில்காரர்களிடம் நான் கற்ற வடிவத்தின் முதல் பாகத்தை நம் முறையில் எழுதுகிறேன். ஏ சட்ஜம். இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ளது ஒரு பார்; பாருக்கு இரண்டு தட்டு, தட்டுக்கு நாலு சுரம். காற்புள்ளி முன் சுரத்தின் நீட்டிப்பு, 'ஸ்' மேல் சட்ஜம்.

ஸ , க ஸ ப ஸ க ஸ | க , க ரி க ம க ரி |
ஸ , க ஸ ப ஸ க ஸ | ரி , ரி ஸ ரி ம க ரி |
ஸ , க ஸ ப ஸ க ஸ | க , க ரி க , ப , |
த , , நி த ப த நி | ஸ் த ப க ரி ம க ரி |

பாடிப் பாருங்கள். சட்ஜத்தை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் அடுத்த சுரத்திலேயே திரும்பி வந்து அதை மிதிக்கிறது. இரண்டாம் பாரில் காந்தாரத்தில் தங்குகிறது, நான்காம் பாரில் ரிஷபத்தில் தங்குகிறது. கடைசிப் பார் சட்ஜத்தில் போய் உட்காரவே இல்லை. 'ரி ம க ரி' என்று ரிஷபத்தில் நிற்கும்போது அடுத்த சட்ஜம் தலையில் விழுகிறது, மெட்டு மறுபடி தொடங்கிவிடுகிறது. ஆடுபவர்கள் நிற்கக் கூடாது என்பதற்காகவே முடிவை எடுத்துவிட்ட மெட்டு.

கர்நாடக வில்லுக்கும் இதற்கும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. நாம் ஒரே வில்லில் பல சுரங்களைக் கோத்து இழுப்போம். ரீலில் பெரும்பாலும் சுரத்துக்கொரு வில். கீழ், மேல், கீழ், மேல் என்று குட்டையாக, வில்லின் நடுப்பகுதியில், மணிக்கட்டிலிருந்து. இடையிடையே இரண்டு சுரத்தை ஒரே வில்லில் சேர்த்தால் அழுத்தம் இடம் மாறித் துள்ளல் வரும். கமகத்தை முழுக்க ஒதுக்கிவைக்க வேண்டும். காந்தாரத்தை அசைத்தால் மெட்டின் கால் தடுக்குகிறது.

சாண்டர்

பைப் கற்கும் எவரும் நேராகப் பையைக் கட்டிக்கொள்வதில்லை. சாண்டர் என்பது பைப்பில் விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழல். முதலில் கற்பது பிராக்டிஸ் சாண்டர் என்ற பயிற்சிக் குழலில். வாயால் ஊதுவது, பை இல்லை, டிரோன் இல்லை, பெரிய பைப்பைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். விரல்முறை மட்டும் அதேதான். பழையது ஒன்று கிடைத்தது. நடு இணைப்பு தொளதொளவென்று இருந்தது, ஊதினால் காற்று அந்த வழியே கசிந்தது. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடி, இணைப்பில் சுற்றியிருக்கும் ஹெம்ப் நூல் காய்ந்து சுருங்கிவிடும். பழைய நூலைப் பிரித்தெடுத்து, புது நூலைத் தேன்மெழுகில் இழுத்து, இழை இழையாக நெருக்கிச் சுற்றினேன். கையால் திருகினால் இறுக்கமாக நகர வேண்டும், தானாகக் கழலக் கூடாது. அந்த அளவில் நிறுத்த வேண்டும். உள்ளே நாக்கு (ஒலியெழுப்பும் ரீட்) உட்காரும் இடத்திலும் இரண்டு சுற்று. ஒரு சுரம் கூர்மையாக நின்றது. துளையின் மேல்விளிம்பில் மெல்லிய மின்ஒட்டு நாடாவைச் சிறிதளவு ஒட்டி இறக்கினேன். பைப்காரர்கள் எல்லோரும் செய்வது இது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாண்டருக்கு மொத்தம் ஒன்பதே சுரங்கள்: கீழ் ஜி முதல் மேல் ஏ வரை. கீழ் ஏ-வைச் சட்ஜமாகக் கொண்டால் மந்திர நிஷாதம் ஒன்று, பிறகு ஸ ரி க ம ப த நி, மேல் ஸ. நிஷாதம் இரண்டு இடத்திலும் கைசிகி, அதாவது அதன் தாழ்ந்த வகை. எல்லாம் சேர்ந்தால் ஹரிகாம்போதி ராகத்தின் சுரங்கள். டிரோன்கள் மூன்றும் அதே சட்ஜத்தைக் கீழ் ஸ்தாயிகளில் பிடித்துக்கொண்டே இருக்கும். எனவே சாண்டரின் காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்வாக, டிரோனோடு இழைந்து நிற்கிறது. தம்பூரா வைத்துப் பாடிப் பழகிய காது அதை உடனே ஏற்றுக்கொள்ளும்.

காற்றை நிறுத்த முடியாது, சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எனவே ஒரே சுரத்தை இரண்டு முறை ஒலிக்க வேண்டுமென்றால் நடுவில் வேறொரு சுரத்தை மின்னல்போல் தொட்டுவிட்டு வர வேண்டும். மேலே எழுதிய இரண்டாம் பாரில் 'க , க' என்று வருகிறதே, ஃபிடிலில் அங்கே வில் திரும்பினால் போதும். சாண்டரில் மேல் ஜி விரலைத் தூக்கி மூடினால்தான் இரண்டாவது காந்தாரம் பிறக்கும். பைப் இசையின் அலங்காரங்கள் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து முளைத்தவை.

இந்த விரல் வேலையை முதலில் முறையாக எழுதி வைத்தவர் ஜோசப் மக்டொனால்ட். 1760 வாக்கில் எழுதினார். ரீல், ஜிக் போன்ற ஆட்ட மெட்டுகளுக்கும் அதில் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்காக இந்தியா வந்தவர், 1763இல் வங்காளத்தில் இளம் வயதிலேயே இறந்துபோனார். கையெழுத்துப் பிரதி அங்கேயே கிடந்தது. பிறகு ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கண்டெடுத்துத் திருப்பிக் கொண்டுபோக, அண்ணன் பேட்ரிக் 1803இல் அச்சிட்டார். அந்தக் கட்டு வங்காள மழைக்காலத்தில் செல்லரித்துப் போயிருந்தால் 18ஆம் நூற்றாண்டு பைப் வாசிப்பைப் பற்றி இன்று நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

ஏழாம் பார்

இனி இந்த முயற்சியில் எனக்கு மிகப் பிடித்த இடம். ஏழாம் பார்: 'த , , நி த ப த நி'.

இன்று ஃபிடிலில் கேட்கும் பெரும்பாலான வடிவங்களில் இந்த நி, ஜி ஷார்ப். நம் கணக்கில் உயர்ந்த வகையான காகலி நிஷாதம், சங்கராபரணத்தின் நிஷாதம். ஈ கம்பியில் இரண்டாம் விரலை மூன்றாம் விரலோடு ஒட்டி வைத்தால் அது கிடைக்கும். சாண்டரில் அந்தச் சுரமே கிடையாது. பைப்காரர் அங்கே கைசிகியைத்தான் வாசிக்க முடியும், இல்லையென்றால் நிஷாதத்தைத் தொடாமல் வேறு வழியில் சுற்றிப் போக வேண்டும்.

சாண்டரில் பழகிவிட்டு ஃபிடிலுக்குத் திரும்பி, இரண்டாம் விரலைப் பின்னால் நகர்த்தி முதல் விரலோடு ஒட்டி வைத்து ஏழாம் பாரை வாசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு சுரம்தான் மாறியது. மெட்டின் முகமே மாறிவிட்டது. காகலியோடு வாசிக்கும்போது பியானோ கூடத்தில் நிற்கும் மெட்டு இது, நிஷாதம் சட்ஜத்தை நோக்கி இழுக்கிறது, எட்டாம் பாரின் மேல் சட்ஜம் ஒரு முடிவுபோல் தோன்றுகிறது. கைசிகியோடு வாசித்தால் அந்த இழுப்பு இல்லை. மேல் சட்ஜம் வெறும் உயரமான படி, அதில் கால் வைத்ததும் இறங்கத் தொடங்கிவிடலாம்.

மெட்டின் மற்ற எந்த இடத்திலும் முதல் பாகத்தில் நிஷாதம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆறு பார்கள் ஸ ரி க ம ப-வுக்குள்ளேயே ஓடுகின்றன. முழுப் பாகமும் சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் நடுவில் அடங்குகிறது. சாண்டரின் எல்லைக்குள் மிச்சம் வைத்துப் பொருந்துகிறது. ஃபிடிலுக்காகவே பிறந்த ரீல்களில் இப்படிக் காண்பது அரிது. அவை கீழ்க்கம்பிகளுக்கு இறங்கும், பெரிய தாவல்கள் எடுக்கும், கையை இரண்டு ஸ்தாயிக்கு விரிக்கும். என் தீர்ப்பு இதுதான்: 1809இன் அச்சு ஃபிடில் உடையில் வந்தாலும், உள்ளே இருப்பது சாண்டரில் பழகிய உடம்பு. ஸ்கையிலிருந்து வந்தது என்று கவ் எழுதிய வரியை என் விரல் இங்கே ஒப்புக்கொண்டது.

தீவில் அப்படிப் பைப்காரர்கள் இருந்தார்களா என்றால், எளிய ஆட்கள் அல்ல. 1767இல் பிறந்த ஜான் மக்கே ராஸே மக்லவுட்டின் பைப்பர், அவர் காலத்தின் பேராசான்களில் ஒருவர். அவர் மகன் ஆங்கஸ் மக்கே ராஸேயில் வளர்ந்து, 1838இல் பீப்ராக் என்ற பழைய, விரிவான பைப் இசையின் பெருந்தொகுப்பை வெளியிட்டு, 1843இல் விக்டோரியா அரசியின் முதல் பைப்பரானார். ரீல் அச்சேறிய காலத்தில் அந்த வீட்டில் பைப் முழங்கிக்கொண்டிருந்தது.

பர்ல்

சான்று இன்னொன்று உண்டு, அது கேட்பதற்கும் மிக அழகு. ஒவ்வொரு சுற்றும் நீண்ட 'ஸ ,' என்று தொடங்குகிறதல்லவா, பைப்காரர் அந்த இடத்தைச் சும்மா விடமாட்டார். அங்கே 'பர்ல்' போடுவார். கீழ் ஏ ஒலிக்கும்போது வலது கைச் சுண்டுவிரல் திறந்திருக்கும். அதைத் துளைமேல் ஒருமுறை தட்டி, உடனே விரலை மடக்கித் துளையின் குறுக்கே இழுத்துவிட வேண்டும். கீழ் ஜி இரண்டு முறை வெட்டுகிறது, சட்ஜம் மூன்றாக உடைந்து உருளுகிறது. எழுதிப் படிக்க எளிது. கை வருவதற்குச் சுண்டுவிரலின் மூட்டு விறைப்பு முழுக்கப் போக வேண்டும். விரலை அழுத்தினால் வராது, தளரவிட்டால் வரும். மெதுவாக, இரண்டு ஜி-யும் தனித்தனியே காதில் விழும் வேகத்தில் பழகுவது ஒன்றே வழி.

ஃபிடில்காரர்களிடமும் அதே பெயரில் அதே அலங்காரம் இருக்கிறது. அவர்களுக்குக் கீழ் ஜி தேவையில்லை. அரைக்கால் அளவில் இரண்டு, கால் அளவில் ஒன்று என்று ஒரே சுரத்தில் மூன்று வில். முழங்கை அசையாமல், விரல் நுனிகளின் நடுக்கத்தில் வில் தானே சிதறுவதுபோல் வர வேண்டும். பைப்பில் தேவையால் பிறந்ததை ஃபிடில் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த ரீலின் முதல் சட்ஜத்தில் இரண்டு கருவியிலும் மாற்றி மாற்றிப் பர்ல் போட்டுப் பார்த்தபோதுதான் ஏன் இரு தரப்பும் இதைத் தன்னுடையது என்கிறார்கள் என்பது எனக்கு முழுசாக விளங்கியது.

சேர்த்து வாசித்தது

இரண்டையும் ஒன்றாக ஒலிக்க வைப்பதில் சுருதிச் சிக்கல் உண்டு. பெரிய ஹைலண்ட் பைப்பின் ஏ இன்று 470 ஹெர்ட்ஸுக்கு மேல் நிற்கிறது. ஃபிடிலின் ஏ 440. அரை சுரத்துக்கும் அதிகமான வித்தியாசம். ஏ, ஈ, ஏ, ஈ சுருதியில் ஏற்கெனவே ஏற்றிவைத்த கம்பிகளை இன்னும் ஏற்றினால் அறுந்துவிடும். இதற்கு வழி ஸ்மால்பைப். கைத்துருத்தியால் காற்றடிக்கும் சிறிய, மென்மையான பைப். 1980களில் மறுபடி உயிர்பெற்ற கருவி. ஏ சுருதியில் செய்தது ஃபிடிலோடு நேராகச் சேரும், விரல்முறை சாண்டருடையதே. இங்குள்ள நண்பர் ஒருவர் வாசிக்க ஒப்புக்கொண்டார்.

நான்காம் பாரில்தான் அதன் அருமை தெரிந்தது. டிரோன் சட்ஜத்தைப் பிடித்திருக்க, சாண்டரும் ஃபிடிலும் ஒன்றாக ரிஷபத்தில் போய் நின்றன. இரண்டு சுரமும் பக்கத்துப் பக்கத்தில் உரசி, அடிவயிற்றில் ஒரு அதிர்வு. அடுத்த பாரின் சட்ஜம் விழுந்ததும் அது கலைந்தது. தனி ஃபிடிலில் இந்த உரசல் வெறும் குறிப்பாகத்தான் கேட்கும். ஆடுகிறவர் காலை மறுபடி தரையிலிருந்து கிளப்புவது அந்த உரசல்தான் என்று நினைக்கிறேன். ஏழாம் பாரில் நான் கைசிகிக்கு இறங்கி வந்தேன். சாண்டர் ஏறி வர முடியாது, நான் இறங்கலாம்.

வேகம், ஆட்டத்துக்கு ஏற்றபடி நிமிடத்துக்கு 110 தட்டு. இரண்டு பாகமும் இரண்டிரண்டு முறை வாசித்தால் 32 பார், சுமார் 35 வினாடி. அதைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். இதில் பைப்காரர்கள் வேறொரு வழக்கத்தையும் வளர்த்தார்கள். பழைய இரண்டு பாக ரீல்களுக்கு மேலும் பாகங்களைக் கட்டிச் சேர்ப்பது. போட்டி மேடைகளில் மார்ச் (நடை மெட்டு), ஸ்ட்ராத்ஸ்பே (ரீலைவிட மெதுவான ஆட்ட மெட்டு), ரீல் என்று வரிசையாக வாசிக்கும்போது விரல் திறமையைக் காட்ட அது வசதி. எனக்கு இரண்டு பாகமே போதும் என்று தோன்றுகிறது. ஆட்டக் கூடத்து மெட்டை மேடைக்கு ஏற்றும்போது அதன் சுற்று சற்று நீண்டு தளர்ந்துவிடுகிறது.

மெட்டு தீவைவிட்டுப் போனது

இதே காலத்தில் ஸ்கையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவிரச் சமய எழுச்சி பரவியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் டொனால்ட் மன்ரோ என்ற கண்பார்வையற்ற போதகர் ஒருவர். அவரே முன்பு ஃபிடில்காரர். அவர் பேச்சைக் கேட்டு மக்கள் ஃபிடில்களையும் பைப்களையும் கொண்டுவந்து தீயிலிட்டார்கள் என்று ஸ்கையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எரிந்த கருவிகளோடு எத்தனை மெட்டுகள் போயினவோ. இது அதற்குள் எடின்பரோ அச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ராஸே மக்லவுட்களும் நிலைக்கவில்லை. கடனில் மூழ்கி 1840களில் தீவு கைமாறியது, கடைசித் தலைவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அடுத்து வந்த உரிமையாளர் குடிகளைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றி அவர்கள் நிலத்தை ஆடுகளுக்கு விட்டார். மெட்டின் பெயரிலுள்ள வீட்டுக்காரியும் இல்லை, ஆடிய குடிகளும் இல்லை. மெட்டு மட்டும் கடல் கடந்து போனவர்களின் கையில் போனது.

அயர்லாந்துக்காரர்கள் அதைப் பெரும்பாலும் ஜி-க்கு இறக்கிக்கொண்டார்கள். அந்தச் சுருதியில் எஃப் ஷார்ப்தான் காகலி நிஷாதம். அவர்களுடைய குழலுக்கும் இலன் பைப் என்ற அயர்லாந்து பேக்பைப்புக்கும் அது இயல்பாகவே கிடைக்கும் சுரம், எனவே ஹைலண்ட் சாண்டரின் கட்டு அங்கே முழுசாக அவிழ்ந்துவிட்டது. அப்பலாச்சியாவில் சொற்கள் ஒட்டிக்கொண்டன, வில் வேறு தாளத்தில் குலுங்கியது. ஆனால் முதல் பாரின் 'ஸ , க ஸ ப ஸ க ஸ' எங்கே போனாலும் தேயவில்லை. மூன்று நாட்டு வாசிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த ஒரு பாரை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லிவிடலாம்.

நீங்களும் முயல விரும்பினால் ஃபிடிலில் தொடங்குங்கள், கர்நாடகச் சுருதியில் இருக்கும் வயலினையே எடுத்துக்கொள்ளலாம், சட்ஜம் எதுவாக இருந்தாலும் மேலே எழுதிய சுரங்கள் பொருந்தும். முதலில் கைசிகி நிஷாதத்தோடு பழகுங்கள், காகலிக்குப் பிறகு மாறுவது எளிது. மெட்டுக்கு முடிவு இல்லை என்பதால் நிறுத்த நினைக்கும் சுற்றில் கடைசி 'ரி ம க ரி'க்குப் பின் ஒரு நீண்ட சட்ஜத்தைக் கீழ் பஞ்சமத்தோடு சேர்த்து இழுத்து நிறுத்த வேண்டும். இரண்டாம் பாகத்துக்கு ஃபிடில்காரர்களும் பைப்காரர்களும் வெவ்வேறு வழிகளில் போகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சுரமாக எழுதும் வேலை இப்போது மேசையில் இருக்கிறது. முடிந்ததும் அதையும் பதிவிடுகிறேன்.